அகமதாபாத் 2030: முதல் செங்கல் வைக்கும் முன்பே எழுத வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் அகமதாபாத்தில் நடைபெறும் என்று 2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் முடிவானதிலிருந்து, அது பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழில் விடாமல் படித்து வருகிறேன். 1930இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் தொடங்கிய போட்டி, தன் நூற்றாண்டை நம் நாட்டில் கொண்டாடப் போவது எனக்கும் பெருமைதான். எத்தனை அரங்குகள் எழும்பும், எந்தெந்த விளையாட்டுகள் இடம்பெறும், இதை வைத்து 2036 ஒலிம்பிக்கை நாம் கேட்டுப் பெற முடியுமா என்றெல்லாம் நிறைய எழுதப்படுகிறது. ஆனால் அந்த அரங்குகளைக் கட்டப் போகிறவர்கள் எந்த ஊர்களிலிருந்து வருவார்கள், இரவில் எங்கே படுப்பார்கள், நாள் கூலியாக அவர்கள் கைக்கு எவ்வளவு போய்ச் சேரும், எந்தக் குடியிருப்புகள் அகற்றப்படும் என்பது பற்றி ஒரு பத்திச் செய்திகூட இதுவரை என் கண்ணில் படவில்லை.

நான் டெல்லியில் நாற்பத்தைந்து ஆண்டுகளாக வாழ்பவன். 1982இன் ஆசிய விளையாட்டு, 2010இன் காமன்வெல்த் விளையாட்டு ஆகிய இரண்டையும் இந்த நகரம் நடத்தியபோது உடனிருந்து பார்த்தவன். இரண்டு முறையும் தொழிலாளர்களுக்கான நியாயம் வராமல் போகவில்லை. வந்தது, ஆனால் கட்டடங்கள் முடியும் தறுவாயில்தான் வந்தது. அகமதாபாத்தில் கடைக்கால் தோண்ட இன்னும் அவகாசம் இருக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1980இல் கும்பகோணத்திலிருந்து வந்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தேன். 1982ஆம் ஆண்டுக் கோடையில், ஒரு கட்டுமானப் பணியின் செலவுப் பட்டியல்களை (பில்களை) சரிபார்க்க மேலதிகாரி ஒருவருடன் என்னை அனுப்பினார்கள். தகரக் கொட்டகையில், மேசை விசிறியின் காற்றில் தாள்கள் பறந்துவிடாதபடி மேலே செங்கல் துண்டுகளை வைத்துக்கொண்டு, மஸ்டர் ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். ஒவ்வொரு பெயருக்கும் நேரே 9 ரூபாய் 25 காசு. அதற்குப் பக்கத்தில் ஊதா மையில் பெருவிரல் ரேகை. கூட்டலில் ஒரு காசு பிசகவில்லை. வேலை முடிந்து வெளியே வந்தபோது, அடுக்கி வைத்த செங்கல்லின் நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த பெண்கள் சிலர் தமிழில் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. அந்நிய ஊரில் தமிழ் கேட்டால் கால் தானாக நின்றுவிடும். விசாரித்தேன். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர்கள். கூலி என்ன தருகிறார்கள் என்று கேட்டேன். "ஏழு ரூபா தம்பி. ஜமேதார் கையாலதான் வாங்குறோம்" என்றார் அவர்களில் மூத்த அம்மா ஒருவர். ஜமேதார் என்றால் வேலைக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவரும் தரகர். காகிதத்தில் கைரேகை வைத்தீர்களா என்று கேட்டேன். "வெச்சோம். அதுல என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்கு யாரு படிச்சுச் சொல்லப் போறாங்க?" என்றார்.

என்னோடு வந்த அதிகாரியிடம் இதைச் சொன்னேன். பதிவேடு ஒழுங்காக இருக்கிறது, நம் வேலை அதோடு முடிந்தது என்று அவர் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. தகுதிகாண் பருவம்கூட முடியவில்லை. சரிபார்க்கப்பட்டது என்ற முத்திரைக்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டேன். அது இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அந்த ஏழு ரூபாய்க் கணக்கு, நான் பார்த்த ஓரிடத்தோடு நின்றதல்ல என்பது சில மாதங்களில் தெரிந்தது. ஆசிய விளையாட்டுக்கான பணியிடங்களைச் சமூக ஆய்வாளர்கள் மூவர் நேரில் பார்த்து எழுதிய அறிக்கையோடு, ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் நீதிபதி பி.என்.பகவதி அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றுக்கொண்டது. ஒரு தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 9.25 ரூபாய் என்று கணக்கெழுதப்பட்டதும், ஜமேதார்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் கமிஷன் பிடித்துக்கொண்டு 8.25 ரூபாய் கொடுத்ததும், பெண்களுக்கு 7 ரூபாய் மட்டுமே போய்ச் சேர்ந்ததும் அந்த வழக்கில் வெளிச்சத்துக்கு வந்தன. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே ஆகும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசிக்காக ஒருவன் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டான் என்பதாலேயே அது அவனுடைய சுதந்திரமான விருப்பம் ஆகிவிடாது என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. இந்தியத் தொழிலாளர் சட்ட வரலாற்றில் இதற்கு நிகராகச் சொல்லக்கூடிய தீர்ப்புகள் மிகச் சிலவே.

ஆனால் நாட்களைப் பாருங்கள். தீர்ப்பு வந்தது 1982 செப்டம்பர் 18. போட்டிகள் தொடங்கியது நவம்பர் 19. நடுவே இரண்டே மாதம். மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கான சட்டம் 1979லேயே இயற்றப்பட்டிருந்தும், அதற்கான விதிகள் டெல்லியில் 1982 ஜூன் 4 அன்றுதான் வெளியிடப்பட்டன. அதுவரை சட்டம் செயலுக்கே வரவில்லை. அதாவது, ஆசிய விளையாட்டின் முதன்மை அரங்கமான நேரு அரங்கத்தின் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த மாதங்களில், அவற்றை எழுப்பியவர்களுக்கான சட்டம் காகிதத்திலேயே தூங்கியது. போட்டி முடிந்ததும் ஒப்பந்தக்காரர்கள் கொட்டகைகளைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் பேசிய பெண்களுக்கு அந்தத் தீர்ப்பால் ஒரு ரூபாயாவது கூடுதலாகக் கிடைத்ததா என்பதை அறிய எனக்கு வழியில்லாமல் போயிற்று.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே ஒன்றியம், அதே மாதிரியான புகாரோடு, இம்முறை டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. காமன்வெல்த் பணியிடங்களைப் பார்வையிட உயர் நீதிமன்றம் 2010 தொடக்கத்தில் ஒரு குழுவை அமைத்தது. போட்டிக்கு அப்போது எட்டு மாதமே மீதம். குறைந்த கூலி, கழிப்பறை வசதியற்ற கொட்டகைகள், நல நிதியத்தில் பதிவு செய்யப்படாமல் விடுபட்ட தொழிலாளர்கள் என்று, 1982இல் பேசப்பட்ட குறைகளே மறுபடியும் பேசப்பட்டன.

இந்தத் தாமதம் யாரும் எதிர்பாராமல் வந்ததல்ல. டெல்லிக்குப் போட்டி கிடைத்தது 2003 நவம்பரில், ஜமைக்காவில். ஏழு ஆண்டுகள் கையில் இருந்தன. அவற்றில் 2006 நடுப்பகுதி வரையிலான இரண்டரை ஆண்டுகள் வீணடிக்கப்பட்டன என்று இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2011ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படையாகவே கூறியது. பிறகு ஏற்பட்ட அவசரத்தைக் காரணம் காட்டி, ஒப்பந்தப்புள்ளி விதிகள் தளர்த்தப்பட்டதையும் அதே அறிக்கை சுட்டிக்காட்டியது. தொடக்கத்தில் சுமார் 1,200 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்ட செலவு 18,532 கோடியில் போய் நின்றது. ஊழல் பற்றி நாடே பேசியது, பேச வேண்டியதுதான். ஆனால் கணக்குப் பிரிவில் வாழ்க்கையைக் கழித்தவன் என்ற முறையில் நான் கவனித்த ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். அவசரம் என்ற ஒரு சொல், கருவூலத்தின் கதவைத் திறந்துவிட்டதைப் போலவே தொழிலாளியின் பாதுகாப்பையும் பிடுங்கிப் போட்டுவிட்டது. இரவு பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போட்டு வேலை வாங்கும் இடத்தில் எந்த ஆய்வாளர் போய், இந்தப் பெண்ணுக்கு மிகைநேரக் கூலி எங்கே என்று கேட்பார்?

நான் வசிக்கும் மயூர் விகாரிலிருந்து, அக்ஷர்தாம் கோயிலை ஒட்டிக் கட்டப்பட்ட விளையாட்டு வீரர் குடியிருப்புக்கு நடந்தே போய்விடலாம். 2010ஆம் ஆண்டின் கோடையிலும் மழைக்காலத்திலும் எங்கள் பகுதிச் சாலையோரங்களை ஒருமுறைக்கு இருமுறை தோண்டினார்கள். முதலில் பதித்த நடைபாதைக் கற்களை, நிறம் ஒத்துவரவில்லை என்றோ என்னவோ, பெயர்த்துவிட்டு வேறு கற்களைப் பதித்தார்கள். அங்கே வேலை செய்த ஓர் இளம் பெண், தன் கைக்குழந்தை சாலைக்குத் தவழ்ந்து வந்துவிடாமல் இருக்க, கிழிந்த புடவைத் துண்டால் அதன் காலைக் கல் குவியலோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். துண்டின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அந்தக் குழந்தையின் உலகம். கைக்கெட்டிய ஜல்லியை எடுத்து வாயில் வைக்கும். அவள் ஓடி வந்து பிடுங்கிப் போட்டுவிட்டு, மறுபடியும் கூடையைத் தலையில் ஏற்றிக்கொள்வாள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் பணியிடத்தில் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தச் சாலையோரத்தில் நிழலுக்கு ஒரு தார்ப்பாய்கூடக் கிடையாது.

அந்த ஆண்டு செப்டம்பரில் யமுனை பொங்கியது. பழைய ரயில் பாலத்தருகே நீர்மட்டம் 207 மீட்டரைத் தாண்டியது. ஆற்றின் வெள்ளச் சமவெளியில் கட்டாதீர்கள் என்று சூழலியலாளர்கள் முன்பே எச்சரித்திருந்த அந்தக் குடியிருப்பைச் சுற்றித் தண்ணீர் நின்றது. டெங்கு பரவும் என்ற அச்சம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் பேசப்பட்டது. செப்டம்பர் 21 அன்று, தொடக்க விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், நேரு அரங்கத்தை ஒட்டிய நடைமேம்பாலம் இடிந்து விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். குடிசைப் பகுதிகள் விருந்தினர் கண்ணில் படாதிருக்கச் சாலையோரம் நெடுகத் தட்டிகளும் பதாகைகளும் வைத்து மறைத்தார்கள்.

ஆனாலும் போட்டிகள் நடந்த அந்தப் பன்னிரண்டு நாட்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அக்டோபர் 11 அன்று மாலை, சொந்தக் காசில் சீட்டு வாங்கி என் மகளோடு நேரு அரங்கத்துக்குப் போயிருந்தேன். வட்டெறிதலில் கிருஷ்ணா பூனியா 61.51 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். 1958இல் மில்கா சிங் வென்றதற்குப் பிறகு, காமன்வெல்த் தடகளத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. வெள்ளி ஹர்வந்த் கௌருக்கு, வெண்கலம் சீமா அந்திலுக்கு. மூன்று இந்தியப் பெண்கள் ஒன்றாக மேடையேறியபோது, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஹரியானாப் பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்து வீசி ஆட்டினார். என் மகள் தொண்டை கட்டும்வரை கத்தினாள். நம் சென்னையின் சரத் கமல், சுபஜித் சாஹாவோடு சேர்ந்து மேசைப்பந்து இரட்டையரில் தங்கம் வென்றதும் அதே போட்டியில்தான். மொத்தம் 101 பதக்கங்கள், அவற்றில் 38 தங்கம். கடைசி நாளில் சாய்னா நேவால் வென்ற தங்கத்தால் இங்கிலாந்தை முந்தி இரண்டாமிடம் வந்தோம். இத்தகைய மாலைகளை ஒரு நகரத்துக்குக் கொடுக்கக்கூடியது இந்த விளையாட்டு என்பதால்தான், அதன் அரங்குகள் யாருடைய வயிற்றிலும் அடித்துக் கட்டப்படக் கூடாது என்று கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்த ஓர் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய தாயார் ஆசிய விளையாட்டு நேரத்தில் சாந்துச் சட்டி சுமந்தவர். வேலை முடிந்தும் ஊர் திரும்ப வழியில்லாமல், அரங்கத்துக்கு அருகே பாரபுல்லா ஓடையோரம் மற்றத் தமிழ்க் குடும்பங்களோடு குடிசை போட்டுக்கொண்டார். 2010இல், நேரு அரங்கத்துக்கு அருகே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றின் வீடுகள் போட்டியைக் காரணம் காட்டி இடிக்கப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழ்ந்தவர்கள். அந்தச் சுற்றில் தப்பிய, எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மா வாழ்ந்த மதராஸி கேம்ப் என்ற குடியிருப்பும், உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1 அன்று தரைமட்டமானது. இது விளையாட்டுக்காக நடந்ததல்ல, ஓடையைத் தூர்வாருவதற்காக நடந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 370 வீடுகளில் பாதியளவு குடும்பங்களுக்கே மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று சொல்லப்பட்டது. அந்த மாற்று வீடுகளும் எங்கோ நரேலாவில், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில். வீட்டு வேலைக்கு நடந்து போன பெண்களுக்குப் பிழைப்புப் போயிற்று. லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழே போயிற்று.

இடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, பழைய மின்கட்டண ரசீது என்று ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினார். எந்தக் காகிதத்தைக் காட்டினால் வீடு கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த அளவில் அடுக்கிக் கொடுத்தேன். எழுந்து போகும்போது, "எங்கம்மா கட்டின ஸ்டேடியம் சார் அது. வாசல்லயே இவ்வளவு வருசம் குடியிருந்தோம், ஒரு நாள்கூட உள்ள போய்ப் பார்த்ததில்ல" என்றார். தாயார் பெயரில் ஒரு கூலிச் சீட்டாவது அந்தப் பையில் இருந்திருந்தால், இந்த நகரத்துக்கு அந்தக் குடும்பம் எப்போது, எதற்காக வந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியிருந்திருக்காது.

அகமதாபாத்துக்கு வருகிறேன். அங்கே எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை என்பது உண்மை. மொடேராவில் 1,32,000 பேர் அமரக்கூடிய கிரிக்கெட் அரங்கம் இருக்கிறது. நாரண்புராவில் வீர சாவர்க்கர் விளையாட்டு வளாகம் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டுவிட்டது. ஆயினும் மொடேராவைச் சுற்றி அமையவிருக்கும் சர்தார் வல்லபபாய் படேல் விளையாட்டு வளாகம் பெரும் கட்டுமானம். அதுவும் ஆற்றை ஒட்டித்தான், இங்கே யமுனை, அங்கே சாபர்மதி. அந்த ஆற்றங்கரையை அழகுபடுத்தும் திட்டத்துக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்ட அனுபவம் அந்நகருக்கே உண்டு. 2020இல் அமெரிக்க அதிபர் வந்தபோது, விமான நிலையச் சாலையோரக் குடிசைகளின் முன் ஒரு சுவர் எழும்பியதும் நினைவிருக்கலாம். எனவே எந்தெந்த நிலம் எடுக்கப்படும், அதில் எத்தனை வீடுகள் இருக்கின்றன, அவர்கள் எங்கே குடியமர்த்தப்படுவார்கள் என்ற பட்டியலை இப்போதே குஜராத்தியிலும் இந்தியிலும் வெளியிட வேண்டும். மாற்று வீட்டின் சாவி கையில் கொடுக்கப்பட்ட பிறகே பழைய வீட்டின் மேல் கை வைக்க வேண்டும். பிழைப்புக்கும் பள்ளிக்கும் எட்டாத தொலைவில் கொடுக்கும் வீடு மறுவாழ்வாகாது என்பதைப் பாரபுல்லா மக்களிடம் கேட்டாலே தெரிந்துகொள்ளலாம்.

தொழிலாளர் விஷயத்தில் இன்னும் கூர்மையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அகமதாபாத்தில் காலை வேளையில் கடியா நாக்கா எனப்படும் கூலிச் சந்திகளில் நிற்பவர்களில் பெரும் பகுதியினர் தாஹோத், பஞ்ச்மகால் பக்கத்து ஆதிவாசிகளும், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்திலிருந்து வருகிறவர்களும்தான். பலர் குடும்பத்தோடு பாலத்தடியிலும் காலி மனைகளிலும் தங்குகிறார்கள். கிளாஸ்கோ முடிவுக்கு ஐந்து நாள் முன்பு, 2025 நவம்பர் 21 அன்று, நாட்டின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. நான் மேலே குறிப்பிட்ட 1979, 1996ஆம் ஆண்டுச் சட்டங்களும் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. சட்டம் புதிது, விதிகளும் ஆய்வாளர்களும் பதிவு முறையும் தயாராவதற்குள் தூண்கள் எழும்பிவிட்டால், 1982 ஜூன் மாதத்தின் கதைதான் மறுபடியும் நடக்கும்.

கட்டுமானச் செலவில் குறைந்தது 1 விழுக்காட்டைத் தொழிலாளர் நலத்துக்கான வரியாகச் செலுத்த வேண்டும் என்பது நெடுங்காலமாக உள்ள விதி. ஆயிரம் கோடிக்கு ஒரு வேலை நடந்தால் பத்துக் கோடி. பணம் வசூலாகிவிடும், ஆனால் நல நிதியத்தில் பதிவு செய்யாத தொழிலாளிக்கு அதிலிருந்து ஒரு காசும் போகாது. ஆண்டில் 90 நாள் கட்டுமான வேலை செய்ததற்குச் சான்று காட்டினால்தான் பதிவு. ஒரு ஜமேதாரிடமிருந்து இன்னொரு ஜமேதாரிடம் மாறிக்கொண்டிருப்பவருக்கு அந்தச் சான்றை யார் எழுதிக் கொடுப்பார்? ஆகவே, இந்தப் போட்டிக்கான பணியிடம் எதிலும் ஒருவர் வாயிலுக்குள் நுழையும் முதல் நாளிலேயே அவர் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தப் பொறுப்பு முதன்மை ஒப்பந்தக்காரருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பதிவு நடந்ததற்கான சான்று இணைக்கப்படாத எந்தப் பட்டியலுக்கும் பணம் விடுவிக்கக் கூடாது. கணக்குப் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன், பட்டியல் பணத்தை நிறுத்தி வைப்பதைப் போல ஒப்பந்தக்காரரை வழிக்குக் கொண்டுவரும் உபாயம் வேறு கிடையாது.

கூலி இப்போது வங்கிக் கணக்கில் போகிறதே, பிறகென்ன என்று கேட்பார்கள். வங்கி அட்டையையே ஜமேதார் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி இங்குள்ள தொழிலாளர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனவே ஒவ்வொரு வாயிலிலும், இன்ன வேலைக்கு இவ்வளவு கூலி, மிகைநேரத்துக்கு இரட்டிப்பு, குறை இருந்தால் இந்த எண் என்று, அங்கே வேலை செய்கிறவர்கள் படிக்கும் மொழிகளிலெல்லாம் பெரிய எழுத்தில் பலகை வைக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காக வாரம் ஒரு நாள் அதை ஒலிபெருக்கியில் வாசிக்கவும் செய்யலாம். 1982இல் உச்ச நீதிமன்றம் பணியிடங்களைப் பார்வையிடத் தானே ஆட்களை நியமித்தது. அதே போலச் சுதந்திரமான பார்வையாளர்களை இம்முறை நீதிமன்றம் சொல்வதற்கு முன்பே நியமித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களுடைய அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2010 மே மாதத்தில் 46.8 டிகிரி வெயிலில் ஏராளமான உயிர்களைப் பறிகொடுத்த நகரம் அகமதாபாத். அந்தத் துயரத்திலிருந்து பாடம் கற்று, தெற்காசியாவிலேயே முதலாவதாக வெப்ப அலைச் செயல்திட்டம் ஒன்றை 2013இல் நடைமுறைப்படுத்திய பெருமையும் அந்நகருக்கே உரியது. பிற ஊர்கள் அதைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டன. அந்தத் திட்டத்தின் நிறக் குறியீட்டு எச்சரிக்கைகளைக் கட்டுமான ஒப்பந்தங்களோடு இணைத்து, சிவப்பு எச்சரிக்கை நாட்களில் நண்பகல் வேலையைக் கூலி பிடிக்காமல் நிறுத்தி வைக்கலாம். ஐந்து கோடைகளைத் தாண்டி வேலை செய்யப் போகிறவர்களுக்கு இதைவிட அவசியமான பாதுகாப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

போட்டிக்குப் பிந்தைய பயன்பாடு பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1982இல் எழுப்பி, 2010க்காக 900 கோடி ரூபாய்க்கும் மேல் செலவழித்துப் புதுப்பித்த டெல்லி நேரு அரங்கத்தை இடித்துவிட்டு, அந்த 102 ஏக்கரில் விளையாட்டு நகரம் ஒன்றை அமைக்கும் திட்டம் 2025 நவம்பரில் வெளியானது. மாறாக, சென்னையில் 1995ஆம் ஆண்டுத் தெற்காசியப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நீந்தக் கற்றார்கள். செலவு கட்டுக்கடங்காமல் போகிறது என்று தெரிந்ததும், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் தான் ஏற்ற 2026 காமன்வெல்த் போட்டியையே 2023 ஜூலையில் வேண்டாம் என்றது. அதை ஏற்ற கிளாஸ்கோ, பத்தே விளையாட்டுகளாகவும் நான்கே இடங்களாகவும் சுருக்கிக்கொண்டது. நாமும் அப்படித்தான் சுருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; ஹாக்கியும் மல்யுத்தமும் இல்லாத போட்டியை நம் மக்கள் விரும்ப மாட்டார்கள். ஆனால் என்ன கட்டுகிறோம், யாருக்காகக் கட்டுகிறோம் என்பது முதலிலேயே முடிவானால், கடைசி ஆறு மாதத்தின் இரவு வேலைக்கு அவசியம் இருக்காது. அப்போது அந்த அவசரத்தில் நசுங்குகிறவர்களும் இருக்க மாட்டார்கள்.

அரங்கம் இடிபடுவதற்குள் அந்த அம்மாவை ஒருமுறை உள்ளே அழைத்துச் சென்று காட்ட வேண்டும் என்று என் மகளும் நானும் முயன்று வருகிறோம். அவர் இப்போது நரேலாவில் இருக்கிறார். வந்து போக அரை நாள் ஆகும்.

தங்கள் நாளிதழின் டெல்லிச் செய்தியாளர்கள் அகமதாபாத் செல்லும்போது, அரங்க மாதிரிகளின் படங்களோடு ஒரு கூலிச் சந்தியின் படத்தையும், அங்கே நிற்கும் ஒருவரின் நாள் கூலி விவரத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மேற்சொன்ன ஒப்பந்த விதிகளில் எவையேனும் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்து, அதற்குப் பொறுப்பான அதிகாரிகள் பதில் எழுதுவார்களானால், அந்தப் பதிலையும் இதே பகுதியில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர்,
மயூர் விகார், டெல்லி.